மூட்டை மேல் தூங்கிய பூனை

ஜன்னல் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்த கல், மேசை மேல் இருந்த டீ டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஒட்டடையின் காலடியில் வந்து நின்றது.

"விருந்தாளியை இங்க இப்படித்தான் வரவேற்பாங்களா மேடம்?" என்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கேட்டான் ஒட்டடை. ஆள் நெட்டையாகவும் ஒல்லியாகவும் இருந்ததால் வந்த பெயர் அது. தண்ணீர் கேனைத் தூக்கினாலே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வாய் மட்டும் எட்டு ஊருக்குப் போகும்.

முசுடு எழுந்து உடைந்த ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அவளுக்கு வேறு நல்ல பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் முசுடு, முகத்துக்கு நேரே மேடம். பயிர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்யான இழப்பீட்டு மனுக்களைக் கண்டுபிடித்துக் கிழிப்பதுதான் அவளுடைய பழைய வேலை. மேலதிகாரியின் மனுவையே ஒரு நாள் கிழித்துவிட்டதால் இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ஒட்டடை அவளுடைய உதவியாள்.

"எறிஞ்சது யாருடா? தைரியம் இருந்தா முன்னால வா!" என்று அவள் போட்ட சத்தத்தில் முற்றத்தில் திரண்டிருந்த கும்பல் வாசல் கேட்டுக்குப் பின்வாங்கியது. ஆனால் கலையவில்லை.

அது சூளைக்காரியின் வீடு. அவள் அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் துணிக்கட்டு. அது விடிகாலையில் வந்த கல்லின் வேலை. அவள் சூளை போட்டுக் கரி சுட்டு அதிலிருந்து உரம் செய்கிறவள். அவளுடைய உரம் போட்ட மக்காச்சோளம் வாடி நிற்கிறது என்றுதான் இத்தனை கூத்தும்.

பக்கத்தில் அவளுடைய அண்ணன் நின்றிருந்தான். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அறையே மணக்கும் சென்ட். முந்தின நாள் முசுடுவைத் தேடி வந்து, "எப்படியாவது என் தங்கச்சியைக் காப்பாத்துங்க மேடம்" என்று கண்கலங்கியவன் இவன்தான்.

"சாயங்காலம் விவசாயிகள் சங்கக் கூட்டம் இங்கேயே, நம்ம வாசல்லயே நடக்குது. சூளையை இடிச்சுட்டு, இவ மேல போலி உரம்னு போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாங்க. இது உரக்கடைக்காரன் செஞ்ச சதி மேடம். தங்கச்சி உரம் வந்த பிறகு அவன் கடையில ஈ ஓட்டறான்" என்றான்.

"உரத்தை எப்படிச் செய்யறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று தங்கையிடம் கேட்டாள் முசுடு.

"சோளத்தட்டை, உமி, மரத்தூள் எல்லாத்தையும் காத்து படாம சுட்டா கரி கிடைக்கும். அந்தக் கரி உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதை அப்படியே மண்ணுல போடக்கூடாது. மாட்டு மூத்திரம், மீன் கழிவு, யூரியா எல்லாம் கலந்த ஊறல்ல போட்டு, தினமும் கோலால கிளறி ஊற வைக்கணும். கரி வயிறு முட்டச் சத்தைக் குடிச்சு வெச்சுக்கும். அப்புறம் மண்ணுக்குள்ள போய் அதைக் கொஞ்சம் கொஞ்சமா பயிருக்குக் கொடுக்கும். மழை வந்தாலும் சத்து அடிச்சுக்கிட்டுப் போகாது."

"எல்லாத்தையும் நீங்களேதான் செய்யறீங்களா?"

"சூளையும் ஊறல் கலக்கறதும் என் பொறுப்பு. ஊற வைக்கறது, காய வைக்கறது, மூட்டை போடறது எல்லாம் அண்ணன். அண்ணன் இல்லேன்னா நான் ஒத்தைக் கையா என்ன பண்ணுவேன்?"

அடுப்பில் பால் கருகும் வாடை வந்தது. முசுடு எட்டி அடுப்பை அணைத்தாள். "பால் தீய்ஞ்சு போச்சு, தெரியலையா?"

"தெரியாதுங்க. சூளைப் புகையில என் மூக்கு செத்துப்போய் வருஷக்கணக்காச்சு. ரோஜாவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான் எனக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள். நெற்றிக்கட்டு இழுக்கவே முகம் சுளித்தாள்.

முசுடுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாடிய இலையை எடுத்துப் பார்க்கத் துப்பில்லை, கல்லெடுக்க மட்டும் கை வந்துவிடுகிறது. "கிளம்பு" என்று ஒட்டடையைப் பார்த்துக் கத்தினாள். கல்லை எறிந்தவனைத் திட்டுவதற்குப் பதில் தன்னைத் திட்டுகிறாள் என்பது அவனுக்குப் பழகிப்போன விஷயம்தான்.

போகிற வழியில் மூட்டைக் கொட்டகையை எட்டிப் பார்த்தார்கள். கடைசியாகப் போட்ட மூட்டைகளில் மிச்சம் சில அடுக்கியிருந்தன. உச்சி மூட்டை மேல் சாம்பல் நிறப் பூனை ஒன்று மூன்று குட்டிகளோடு சுருண்டு தூங்கியது.

"ஆஹா, இந்த வீட்டிலேயே நிம்மதியா இருக்கற ஒரே குடும்பம் இதுதான்" என்ற ஒட்டடை, கதவுக்கு இடைஞ்சலாக நீட்டிக்கொண்டிருந்த அந்த மூட்டையைப் பூனைக் குடும்பத்தோடு சேர்த்துத் தூக்கி ஓரமாக வைத்தான். "பாத்தீங்களா மேடம்? ஒரே தூக்கு! என்னைப் போய் நோஞ்சான்னு சொல்றீங்களே."

"சர்க்கஸ் காட்டினது போதும், வா."

சோளக்காடு பக்கத்திலேயே இருந்தது. காட்டுக்குச் சொந்தக்காரி, கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி வரப்பில் வழிமறித்து நின்றாள்.

"அவளுக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா? ஆமா, காலையில கல்லெறிஞ்சது நான்தான். மறுபடியும் எறிவேன். பாருங்க, என் பயிர் கருகிப்போய் நிக்குது. அந்த மூட்டையைக் கட்டிலுக்கு அடியில வெச்சுப் பத்திரமா காப்பாத்தினேனே, என்னைச் சொல்லணும்! இந்த மகசூலை நம்பித்தான் இந்தப் பிள்ளையோட ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

முசுடு ஒரு செடியின் அடி இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியில் தொடங்கிய மஞ்சள் நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. ஓரம் இன்னும் பச்சையாகவே இருந்தது. மேலே இருந்த இளம் இலைகளுக்குப் பழுதில்லை.

"யாரும்மா சொன்னது கருகிடுச்சுன்னு? உரம் அதிகமாகி எரிஞ்சா இலையோட ஓரம் பழுப்பாகி மொறுமொறுன்னு காயும். இது நடுவுல வெளுத்திருக்கு, அதுவும் கீழ் இலை. மேல குருத்துக்குக் கொடுக்கறதுக்காகச் செடி தன் கீழ் இலையையே தின்னுக்கிட்டிருக்கு. இது விஷம் குடிச்ச பயிர் இல்லை, பட்டினி கிடக்கற பயிர்."

"உரம் போட்ட காட்டுல பட்டினியா? என்னைப் பாத்தா கேனச்சி மாதிரி இருக்கா?"

"நீங்க போட்டது வெறும் கரி. ஊறலைக் கண்ணால பாக்காத கரி. அது வெறும் வயித்தோட மண்ணுக்குள்ள போய், மண்ணுல இருந்த சத்தையும் தானே உறிஞ்சு வெச்சுக்கிச்சு. ஊட்ட வேண்டியது பிடுங்கித் தின்னுருக்கு."

"கிட்டத்தட்ட நம்ம ஆபீஸ் சம்பளம் மாதிரி" என்று முணுமுணுத்த ஒட்டடை, முசுடு திரும்பியதும் சோளத்துக்குப் பின்னால் ஒளிந்தான்.

நல்ல மூட்டைக்குப் பதில் வெறும் கரி மூட்டை. யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றினால் யாருக்கு லாபம்? கையில் இலையோடு முசுடு நேராக உரக்கடைக்குப் போனாள். நடந்து போனாள் என்று சொல்லக்கூடாது, பாய்ந்து போனாள்.

கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். முசுடு இலையை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"நல்ல மூட்டையெல்லாம் எங்கய்யா பதுக்கி வெச்சிருக்கே? சூளைக்காரி பேர் போட்ட சாக்குல வெறும் கரியை அடைச்சு வித்தது நீதானே?"

"நானா?" கடைக்காரர் காது குடைவதை நிறுத்தவில்லை. "அம்மா, எனக்கும் அவளுக்கும் ஆகாது, அது வாஸ்தவம். அவ சூளை இடிஞ்சா நான் அழ மாட்டேன். ஆனா இந்தத் தடவை ஒரு மூட்டைகூட என் கடை வாசலை மிதிக்கலை. அவ அண்ணனே வண்டியில ஏத்தி வீடு வீடா இறக்கினான். சங்கத் தலைவர் தேர்தல்ல நிக்கறானில்ல? மூட்டையும் இறக்கின மாதிரி ஆச்சு, ஓட்டும் கேட்ட மாதிரி ஆச்சு."

"பொய்!"

"ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுக்கோங்க. போன தடவை என் கடைக்கு விக்கக் கொடுத்ததுல ஒரு மூட்டை போகாம கொல்லையில கிடக்கு. அதை வேணும்னா தூக்கிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

கொல்லைக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. வாடையா அது! கண்ணில் நீர் வந்தது. ஒட்டடை மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தான். மூட்டை அசையவில்லை. முக்கினான், முனகினான், கடைசியில் மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒரே தூக்குன்னியே?" என்றாள் முசுடு.

"அது காலைச் சாப்பாட்டுத் தெம்பு மேடம். இது என்ன, உள்ள ஆளை அடைச்சு வெச்சிருக்காங்களா? அதுவும் குளிக்காத ஆளு."

"ஊறினா அப்படித்தான் தம்பி, கனக்கும், நாறும்" என்றார் கடைக்காரர். "அதான் கொல்லையில போட்டேன். என் பூனை இதுக்குப் பயந்து கொல்லைப் பக்கம் வந்தே மாசமாச்சு. எலி பாடு கொண்டாட்டம்."

முசுடு அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னே?"

"எலி பாடு..."

"அதுக்கு முன்னால."

"பூனை வர்றதில்லைன்னேன்."

முசுடுவின் முகம் சிவந்தது. கடைக்காரர் மேல் வந்த கோபம் இல்லை இது. அவளுடைய மூக்குக்கு நேராகப் பூனை குட்டிகளோடு தூங்கியிருக்கிறது. நோஞ்சான் பயல் மூட்டையை ஒரே தூக்காகத் தூக்கிக் காட்டியிருக்கிறான். அதைச் சர்க்கஸ் என்று சொல்லிவிட்டு நடந்தவள் அவள்! மூட்டை வழியில் எங்கேயும் மாறவில்லை. சூளை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அது வெறும் கரிதான்.

"எந்திரி ஒட்டடை. அந்த மூட்டையை ஒரு வண்டியில ஏத்து. நீங்களும் ஒரு கை பிடிங்க" என்று கடைக்காரரையும் அதட்டினாள். என்ன ஏது என்று கேட்காமல் அவரும் பிடித்தார்.

சூளை வீட்டின் முன் வாசலுக்குப் போகாமல் அவள் பின்பக்கம் சுற்றிப் போனாள். ஊறல் தொட்டி அங்கே இருந்தது. மூடியைத் தூக்கினாள். உள்ளே தெளிந்த தண்ணீரில் கரித்துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. குனிந்து முகர்ந்தாள். குடிதண்ணீர் மாதிரி ஒரு வாடையும் இல்லை. தொட்டிக்கு அடியில் வடிகுழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழாயின் வாய்க்கு நேரே புல் பூண்டெல்லாம் ஓரம் பழுத்துப் பொசுங்கிக் கிடந்தது. அதைத் தாண்டி, சாக்கடை ஓடும் வழி நெடுக, புல் இடுப்பு உயரத்துக்குக் கரும்பச்சையாக மதமதவென்று நின்றது.

"இந்தச் சாக்கடைக்கு வந்த வாழ்வைப் பாருங்க மேடம்" என்றான் ஒட்டடை. அதற்கு மேல் அவனுக்கே ஜோக் வரவில்லை. "அந்தச் சோளத்துக்குப் போக வேண்டியது எல்லாம் இங்கதான் போச்சா?"

"ஆமா." முசுடு பல்லைக் கடித்தாள். "இங்கதான் போச்சு."

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தான். "என் தங்கச்சி தப்பு பண்ணியிருக்க மாட்டா. இதுக்குப் பின்னால ஒரு கடைக்காரன் கை இருக்கு. துப்பறியற மேடம் அதைக் கண்டுபிடிச்சுக்கிட்டு வர்றாங்க..."

"வந்துட்டேன். கீழ இறங்கு" என்றாள் முசுடு.

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். கடைக்காரரும் ஒட்டடையும் வண்டியிலிருந்து பழைய மூட்டையை உருட்டித் தள்ளியதும் கூட்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகியது. ஒட்டடை கொட்டகைக்கு ஓடி, பூனைக் குடும்பத்திடம் மன்னிப்பு கேட்டு இறக்கிவிட்டு, புது மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு பேர் உருட்டித் தள்ளிய மாதிரி மூட்டையை இந்த நோஞ்சான் தனியாகத் தூக்கி வருவதைப் பார்த்ததும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

முசுடு சோளக்காட்டுக்காரியைக் கைகாட்டி அழைத்தாள். "மூட்டையைக் கட்டிலுக்கு அடியில வெச்சேன்னு சொன்னீங்களே. போன தடவை எங்க வெச்சீங்க?"

"போன தடவையா? வேலிக்கு வெளியே. வீட்டுக்குள்ள வைக்க முடியுமா அந்த நாத்தத்தை?"

"இந்தத் தடவை?"

"இந்தத் தடவைதான் நாத்தமே இல்லையே. எங்க எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். மூட்டை இறக்க வந்தப்ப இந்த அண்ணன்கிட்டயே சொன்னேன், 'பரவாயில்லையே அண்ணா, நாத்தத்தை எடுத்துட்டீங்களே'ன்னு. சிரிச்சுக்கிட்டே, 'உங்களுக்காகத்தான்மா'ன்னு சொன்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். ஒவ்வொருவராக அண்ணன் பக்கம் திரும்பினார்கள். நாற்றம்தான் சத்து என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. தெரிந்த ஒருவன் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"ஊறலைச் சாக்கடையில திறந்துவிட்டுட்டு, கரியைப் பச்சைத் தண்ணியில நனைச்சு, காய வெச்சு மூட்டை போட்டிருக்கான்" என்றாள் முசுடு. "காய்ஞ்ச கரி பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான். மோந்து பாத்தாத்தான் தெரியும். இவன் தங்கச்சிக்கு மூக்கு இல்லைன்னு இவனுக்குத் தெரியும். ஏன்டா, கூடப்பிறந்தவ மேல கல் விழும்போது பக்கத்துலயே நின்னியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"மேடம், பாத்துப் பேசுங்க. உங்களைக் கூட்டிட்டு வந்ததே நான்தான்."

"அதான்டா எனக்கு எரியுது! கடைக்காரனைக் கைகாட்டிட்டுப் போயிடுவேன்னு நினைச்சுத்தானே கூட்டிட்டு வந்தே?"

அவனுடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் பார்த்தான். ஒரு முகம்கூட அவன் பக்கம் இல்லை.

"நான் என்ன செய்யறது?" என்று வெடித்தான். "தினமும் அந்தத் தொட்டிக்குள்ள கோலைப் போட்டுக் கிளறுங்க பாக்கலாம்! எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. கூட்டத்துல நான் உக்காந்தா பக்கத்து நாற்காலி காலியாயிடும். முதுகுக்குப் பின்னால மூக்கைப் பிடிக்கறாங்க. இப்படி நாறிக்கிட்டு எவன்கிட்டப் போய் ஓட்டு கேக்கறது? ஒரே ஒரு தடவை, தேர்தல் முடியற வரைக்கும்தான்னு நினைச்சேன். வெறும் கரி ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன். பயிர் இப்படிப் படுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"படுத்த பிறகாவது வாயைத் திறந்தியா?"



சூளைக்காரி எப்போது வெளியே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அண்ணனைத் தாண்டி நடந்து, சுவரோரம் மூடி வைத்திருந்த பெரிய பீப்பாயிடம் போனாள். "அடுத்த சூளைக்குன்னு நானே கலக்கி வெச்ச ஊறல் இது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "கரி மண்ணுக்குள்ளயேதான் இருக்கு, எங்கயும் போயிடலை. பிடுங்கின சத்தையும் பத்திரமா வெச்சிருக்கு. இதை நல்லாக் கிளறி, தண்ணி கலந்து, வேரோரம் ஊத்தினா கரிக்கும் வயிறு நிறையும், பயிருக்கும் கிடைக்கும். முழுசும் மீளாது. பாதிக்கு மேல மீளும். இன்னைக்கே தொடங்கணும்."

மூடியைத் திறந்தாள். கூட்டம் முழுவதும் ஓரடி பின்வாங்கியது. வண்டியில் வந்த மூட்டையெல்லாம் இதற்கு முன்னால் பூச்செண்டு. "நாறுதா?" என்று அவள் உண்மையாகவே கேட்டாள். "எனக்குத் தெரியாது, சொல்லுங்க."

அண்ணனுடைய கை தன்னை அறியாமல் பாக்கெட்டுக்குள் போய், சென்ட் தெளித்த கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தது. வைத்த பிறகுதான் தங்கை தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. அதற்குள் எல்லோருமே பார்த்துவிட்டார்கள்.

"நாறுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "நானே கிளறியிருப்பேனே. எனக்குத்தான் மூக்கே இல்லையே."

கைக்குட்டை அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க அவனால் முடியவில்லை. சூளைக்காரி சுவரில் சாய்த்திருந்த நீளக் கோலை எடுத்துப் பீப்பாய்க்குள் விட்டாள். இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் நெற்றிக்கட்டில் ரத்தம் புதிதாகக் கசிந்தது.

சோளக்காட்டுக்காரி குழந்தையைக் கடைக்காரர் கையில் திணித்துவிட்டு முன்னால் வந்தாள். "கொடு இப்படி" என்று முரட்டுத்தனமாகக் கோலைப் பிடுங்கினாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளறத் தொடங்கினாள். அண்ணன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். வழிவிட ஆளில்லை. கூட்டம் பீப்பாயைச் சுற்றி நெருங்கியபோது அவன் தானாகவே வெளியே தள்ளப்பட்டிருந்தான்.

முசுடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். கோபம் இன்னும் இறங்கியபாடில்லை. எதையாவது பிடித்துக் கிளறினால்தான் ஆறும் போலிருந்தது. "ஒட்டடை, இன்னொரு கோல் எங்கடா?"

"மேடம், எனக்கு மூக்கு நல்லா வேலை செய்யுது மேடம்!"

"அதை வெச்சுக்கிட்டு காலையில அந்தப் பூனைக்குப் பக்கத்துல நின்னு என்னத்தைக் கண்டுபிடிச்சோம், நீயும் நானும்?" என்றாள் முசுடு. "வா, வந்து கிளறு."

ஒட்டடை கோலைத் தேடப் போனான்.